ஏழாவது கேள்வி

ஒரு கடைத்தெருவில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் அதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

ஸ்டூலுக்கு அது பெரிய மனக்குறை. நல்ல வேப்ப மரத்தில் செய்த ஸ்டூல். நான்கு கால், அடிவயிற்றில் வெள்ளைப் பெயின்டால் எழுதிய அரசாங்க எண். கொட்டாரத் தெருவின் நடுவே, முன்பு தண்ணீர் வரி கட்டும் இடமாக இருந்த அறையில் ‘சிறுவணிகர் உதவி மையம்’ என்று போர்டு மாட்டித் திறந்தபோது, உதவி கேட்டு வருகிற கடைக்காரர்கள் உட்காருவதற்கென்றே அதைக் கொண்டுவந்து போட்டார்கள். பதினோரு நாள் ஆகிவிட்டது. வந்து உட்கார்ந்தது தூசி மட்டும்தான்.

ஸ்டூலுக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. திறந்த அன்றே மையத்து அலுவலர் தமயந்தி அதைக் கவனித்துவிட்டாள். மேசையில் கட்டாகக் கிடந்த முந்நூறு விண்ணப்பப் படிவங்களில் ஒன்றை உருவி, எட்டாக மடித்து, பிறகு இன்னும் இரண்டு மடிப்பு மடித்து, குட்டைக் காலுக்கு அடியில் செருகினாள். முந்நூறு படிவங்களில் வேலை கிடைத்தது அந்த ஒன்றுக்குத்தான். மற்றவை சும்மா கிடந்தன.

சுவரோரம் பன்னிரண்டு பலகைகள் சாய்ந்து நின்றன. ஒவ்வொன்றும் ஒன்பதடி நீளம், இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய கனம். அவை எதற்கு வந்தன என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாசலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாலே போதும்.

கொட்டாரத் தெருவை நட்டநடுவே நீளவாக்கில் தோண்டிப் போட்டிருந்தார்கள். மழைநீர் வடிகால் வருகிறதாம். இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் மூன்றடி நடைபாதை. நடுவில் ஆளை விழுங்குகிற பள்ளம். எதிர்க்கடைக்குப் போக வேண்டுமென்றால் தெருமுனை வரைக்கும் நடந்து, பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு திரும்பி வர வேண்டும். போக வர இருபத்தைந்து நிமிடம். எதிர்வரிசையில் பட்டன் கடை வைத்திருக்கும் காதர் மைதீன் முதல் நாளே ஒரு பழைய பிளைவுட்டைக் குறுக்கே போட்டுப் பார்த்தார். காண்ட்ராக்டரின் ஆட்கள் வந்து, “யாராச்சும் விழுந்தா நாங்கல்ல பதில் சொல்லணும், மாநகராட்சி பலகைதான் போடலாம்” என்று எடுத்து எறிந்துவிட்டார்கள்.

மாநகராட்சிப் பலகை பன்னிரண்டும் உதவி மையத்தில் இருந்தன. கேட்டால் கொடுப்பார்கள். ஆனால் கேட்பதற்கு ஒரு முறை இருந்தது.

ஐந்தாம் நாள் ஒருத்தி கேட்கத்தான் வந்தாள். அதே வரிசையில் நாலு கடை தள்ளித் தையல் சாமான் கடை வைத்திருக்கும் செண்பகவல்லி. நூல், லைனிங் துணி, காலர் கேன்வாஸ், எலாஸ்டிக் எல்லாம் விற்கிற பத்தடிக் கடை. பதினாறு வருடமாக ஒற்றை ஆளாக நடத்துகிறாள்.

“வாங்கம்மா, உக்காருங்க” என்றாள் தமயந்தி.

ஸ்டூல் உடம்பை விறைத்துக்கொண்டது. செண்பகவல்லி உட்காரவில்லை. நின்றபடியே படிவத்தை வாங்கிப் படித்தாள். பெயர், கடை எண், தொழில் என்று கேள்விகள் வரிசையாகப் போயின. ஏழாவது கேள்வியில் அவள் விரல் நின்றது. ‘தங்கள் கடையில் இல்லாதவை யாவை? வரிசையாக எழுதவும்.’

“இதெதுக்கு மேடம்?”

“என்ன இல்லைன்னு எழுதுனாத்தாம்மா குடுக்க முடியும். பலகை வேணும்னா, பலகை இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை ஸ்டாம்ப் வச்சிருங்க. அவ்வளவுதான்.”

செண்பகவல்லியின் முகம் சுருங்கிவிட்டது. படிவத்தை மேசையில் திருப்பி வைத்தாள்.

“எங்க கடையில எல்லாம் இருக்கு மேடம். சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

சொன்னவள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். தமயந்தி வெளியூர்க்காரி. பாவம், அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தத் தெருவில் ‘இல்லை’ என்ற சொல்லை எந்தக் கடைக்காரரும் வாயால் சொல்ல மாட்டார். சரக்கு தீர்ந்துபோனால் ‘நாளைக்கு வருது’ என்பார்கள். கல்லாவில் சில்லறை தீர்ந்தால் ‘சில்லறை நிறைஞ்சிருக்கு, எடுக்க நேரமாகும்’ என்று சிரிக்காமல் சொல்கிற ஆட்களும் உண்டு. அந்தச் சொல்லை ஒருமுறை கடைக்குள் விட்டால் லட்சுமி வாசல் தாண்டிவிடுவாள் என்று செண்பகவல்லிக்குப் பயம். அல்லா தரும் பரக்கத் போய்விடும் என்று காதர் மைதீனுக்குப் பயம். தாமஸ் ஜிப் கடைக்காரருக்கு வேறு பெயரில் அதே பயம். வாயால் சொல்லாத சொல்லை எழுதி, கையெழுத்துப் போட்டு, கடை பெயர் பொறித்த ஸ்டாம்பையும் குத்திக் கொடு என்றால் யார் கொடுப்பார்கள்? வந்தார்கள், ஏழாவது கேள்வி வரை படித்தார்கள், போனார்கள்.

“மேற்படி நபர்கள் என்னைப் பூர்த்தி செய்யாமலேயே திரும்பிச் சென்றுவிட்டனர்” என்றது, பதினோராம் நாள் காலையில், மேசைமேல் இருந்த படிவம். அதற்கு அப்படித்தான் பேச வரும்.

“திமிரு. வேறென்ன?” என்றது ஸ்டூல். “பள்ளத்துல பாதி வியாபாரம் போயிருச்சு. இருந்தாலும் வாயைத் திறந்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களாம். இதுல என்ன கௌரவம் வேண்டிக் கிடக்கு? குறை இருந்தா குறை இருக்குன்னு சொல்லணும்.”

அடியில் நசுங்கிக் கிடந்த மடித்த படிவம் கிசுகிசுத்தது. “உனக்கும்தான் ஒரு கால் குட்டை. நான் முட்டுக்கொடுத்து நிக்கிறேன். அதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?”

ஸ்டூலுக்குக் காது கேட்காத மாதிரி ஆகிவிட்டது. இந்த மாதிரி நேரங்களில் அதற்கு வழக்கமாக அப்படித்தான் ஆகும்.

“எங்களைப் பத்தி யாராச்சும் யோசிச்சீங்களா?” என்றது பலகைகளில் மூத்தது. “படுக்கப் பிறந்தவங்க நாங்க. பதினோரு நாளா நிக்க வச்சிருக்காங்க. நின்னு நின்னு முதுகு வளையுது. இன்னும் ஒரு வாரம் போனா எங்க மேல ஆள் நடக்க முடியாது, ஊஞ்சல்தான் ஆடலாம்.”

அன்று காலையில்தான் தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்திருந்தது. தமயந்தி பேசியதை அறை முழுக்கக் கேட்டது. “ஆமா சார்... ஒரு அப்ளிகேஷன்கூட வரல... கேட்டுப் பாத்தாச்சு சார், எல்லாம் இருக்குங்கிறாங்க... சரி சார். நாலு மணிக்கு லாரி அனுப்புங்க. பலகையை அடுத்த வார்டுக்கே குடுத்துரலாம்.”

போனை வைத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தவள் அவள். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ‘இத்தெரு வணிகர்களுக்குத் தேவை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை’ என்று அறிக்கையின் முதல் வரியை எழுதினாள்.

பதினோரு மணி இருக்கும். வாசலில் மூச்சிரைக்க ஒரு தலை எட்டிப் பார்த்தது. செண்பகவல்லிதான்.

“மேடம், ஒரு ஸ்டூல் குடுங்க. கஸ்டமர் நின்னுக்கிட்டே இருக்காரு. இந்தா வந்து குடுத்துர்றேன்.”

தமயந்தி பதில் சொல்வதற்குள் ஸ்டூலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவிட்டாள். அந்தத் தெருவில் ஸ்டூல் கேட்பது கேட்பதில் சேர்த்தி இல்லை.

போகிற வழியில் ஸ்டூல் முதன்முதலாகப் பள்ளத்தைக் கிட்டத்தில் பார்த்தது. அடியில் கலங்கல் தண்ணீர் நின்றது. பள்ளத்துக்கு வாய் பெரியது, பேச்சும் அப்படித்தான்.

“நான் வந்து மூணே வாரம்” என்றது பள்ளம். “ரெண்டு கடை பூட்டியாச்சு. தீபாவளி வரைக்கும் இருக்கப் போறேன். எத்தனை பூட்டுதுன்னு நீயும் எண்ணிக்கிட்டு இரு.”

கடையில் நின்றுகொண்டிருந்தவர் மரியசெல்வம் டெய்லர். ஒரு பெரிய பள்ளிக்கூடத்துக்குச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். வருடத்துக்கு ஒருமுறை ஒரு நீளச் சீட்டோடு வருவார். செண்பகவல்லியின் பாதி வருடத்துப் பிழைப்பு அந்தச் சீட்டில் இருந்தது.

“உக்காருங்க டெய்லரண்ணே” என்று ஸ்டூலைப் போட்டாள்.

அவர் உட்கார்ந்தார். நல்ல கனமான மனிதர். தன்மேல் ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டார் என்ற சந்தோஷத்தில் ஸ்டூலுக்கு ஒரு கணம் எதுவும் உறைக்கவில்லை. அடுத்த கணம் உறைத்தது. மடித்த படிவம் மையத்துத் தரையிலேயே கிடந்துவிட்டது. குட்டைக் கால் அந்தரத்தில் நின்றது. டெய்லர் வலப்பக்கம் சாய்ந்தால் ஸ்டூலும் சாய்ந்தது, இடப்பக்கம் திரும்பினால் ‘டக்’ என்று தட்டியது.

மேசைமேல் கிடந்த மீட்டர் கம்பி, துணி அளந்து அளந்து எல்லாவற்றையும் அளந்து பார்க்கும் பழக்கமுள்ளது, குனிந்து பார்த்தது.

“என்னப்பா, ஒரு கால் குட்டையோ?”

“எனக்கா?” என்றது ஸ்டூல். “நான் அரசாங்க ஸ்டூல். எண்ணெல்லாம் போட்டிருக்கு, பாத்துக்க. எனக்கு ஒரு குறையும் இல்லை.”

“சரிதான். நீ இந்தத் தெருவுலயே கடை வைக்கலாம்” என்றது மீட்டர் கம்பி.

ஸ்டூலுக்குச் சுருக்கென்றது. காலையில் இதே வாயால்தான் செண்பகவல்லியைத் திமிர்பிடித்தவள் என்று சொல்லியிருந்தது.

“பாரும்மா” என்றார் டெய்லர், சீட்டை மடித்தபடி. “நூல் வந்துருச்சு, கேன்வாஸ் வந்துருச்சு, எலாஸ்டிக்கும் ஆச்சு. டவுசர் பட்டன் எங்க? திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. இன்னைக்கு மத்தியானம் ஆளுங்க உக்காந்து தைக்கலைன்னா நான் தலையில துண்டைப் போட்டுக்க வேண்டியதுதான்.”

“குடோன்ல இருக்குண்ணே. இந்தா வந்துரும்.”

“இதையே அரை மணி நேரமாச் சொல்ற. பஸ் ஸ்டாண்டு பக்கம் புதுசா ஒரு ஷோரூம் திறந்திருக்கானாம். ஒரே மாடியில எல்லாம் கிடைக்குதாம். உன் மொகத்துக்காகத்தான் இங்க வந்தேன்.”

“குடோன் எங்க இருக்கு?” என்று ஸ்டூல் மெதுவாகக் கேட்டது.

“எதிர்த்தாப்புல” என்றது மீட்டர் கம்பி. “காதர் பாய் கடைதான் எங்க குடோன். அவருக்கு நூல் வேணும்னா நாங்க குடோன். தாமஸுக்கு லேஸ் வேணும்னா இன்னொருத்தர் குடோன். விரலைக் காட்டினாப் போதும், சாமான் வந்துரும். இந்தத் தெருவுல குடோன்னு தனியா ஒரு கட்டடம் கிடையவே கிடையாது. நாப்பது பத்தடிக் கடையும் ஒருத்தர்க்கொருத்தர் குடோனா இருந்துதான் இத்தனை வருஷம் பெரிய கடைக்காரன் முன்னாடி நின்னோம். இப்ப நடுவுல பள்ளம் வந்துருச்சு.”

நாற்பது கடைகளுக்கு ஒரே சரக்கறை, அதை நடுவில் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்பது அதற்கு அப்போதுதான் புரிந்தது. தன்மேல் உட்கார்ந்திருப்பவர் எழுந்துவிட்டால் இந்தக் கடை என்ன ஆகும் என்பதும் புரிந்தது. எழுந்துவிடக் கூடாதே என்று மூன்று காலாலும் தரையைப் பிடித்துக்கொண்டது.

செண்பகவல்லி வாசலுக்கு ஓடினாள்.

“பாய்! எறிஞ்சுருங்க! பாத்துக்கலாம்!”

எதிர்க்கரையில் காதர் மைதீன் ஒரு பட்டன் பாக்கெட்டோடு நின்றார். “ஏற்கெனவே ரெண்டு பாக்கெட் உள்ள போயிருச்சே தங்கச்சி!”

“எறிங்க பாய், பிடிச்சிருவேன்!”

எறிந்தார். பாக்கெட் நடுவானத்தில் கிழிந்தது. சாம்பல் நிறப் பட்டன்கள் மழையாகப் பள்ளத்துக்குள் கொட்டின. “வரட்டும், வரட்டும்” என்று பள்ளம் விழுங்கியது. நாலைந்து பட்டன்கள் மட்டும் தப்பித்து இந்தப் பக்கம் வந்து, கடை வாசலில் உருண்டு நின்றன.

டெய்லர் அதைப் பார்த்தார். பதினாறு வருடமாக வாங்குகிறவருக்குக் குடோன் எது என்று தெரியாதா என்ன? தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார், அது அவருடைய மரியாதை. ஆனால் திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. பெருமூச்சு விட்டுவிட்டு எழப் பார்த்தார். எழும்போது ஸ்டூல் ஒரேயடியாகச் சரிந்தது. மனிதர் மேசையைப் பிடித்திராவிட்டால் தரையில் கிடந்திருப்பார்.

ஸ்டூலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் தானே அவரை எழுப்பி அனுப்பிவிடும் போலிருந்தது.

சரியாக அந்த நேரத்தில்தான் தமயந்தி ஓடிவந்தாள். தரையில் கிடந்த மடித்த படிவத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தாள்.

“அம்மா, அந்த ஸ்டூல் ஆடும்மா! ஒரு காலு...”

சொல்லி முடிக்கவில்லை. செண்பகவல்லி அதற்குள் வாசலில் கிடந்த பட்டனில் ஒன்றை எடுத்துக்கொண்டு மண்டியிட்டுவிட்டாள். குட்டைக் காலைத் தூக்கி அடியில் பட்டனை வைத்தாள். அழுத்திப் பார்த்தாள். ஸ்டூல் ஆடாமல் அசையாமல் நின்றது. கையைத் தட்டிக்கொண்டு எழுந்து, தமயந்தியைப் பார்த்துச் சிரித்தாள்.

“உங்க ஸ்டூல் நல்ல ஸ்டூல்தான் மேடம். எங்க தரைதான் கொஞ்சம் மேடு பள்ளம்.”

சிமெண்டுத் தரை அது. போன வருடம் போட்டது. அதில் மேடும் கிடையாது, பள்ளமும் கிடையாது. அது ஸ்டூலுக்கும் தெரிந்தது, தமயந்திக்கும் தெரிந்தது.

“நீ எங்கேயிருந்து வந்தே?” என்று ஸ்டூல் காலுக்கடியிலிருந்த பட்டனைக் கேட்டது.

“குடோன்லேருந்துதான்” என்றது பட்டன். “கம்முனு நில்லு.”

அரசாங்க ஸ்டூல் கம்மென்று நின்றது. தன் குறையை ஒருத்தி பார்த்துவிட்டாள், பார்த்த கையோடு அதைத் தன் தரைமேல் போட்டுக்கொண்டாள். ஒரு கேள்வி கேட்கவில்லை, ஓர் ஏழாவது கேள்விகூட. இப்படிக் கொடுத்தால் யார்தான் வாங்க மாட்டார்கள் என்று ஸ்டூல் நினைத்தது. அப்படி நினைக்கும்போது அதற்கு அழுகை வந்தது, மரத்துக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு.

தமயந்தியும் நின்ற இடத்திலேயே நின்றாள். கையிலிருந்த மடித்த படிவத்தைப் பார்த்தாள். வாசலில் கிடந்த மற்ற பட்டன்களைப் பார்த்தாள்.

“உங்க குடோன் எங்கம்மா இருக்கு?”

கஸ்டமர் பக்கத்தில் நிற்கும்போது செண்பகவல்லி அதை எப்படிச் சொல்வாள்? ஆனால் கண் கேட்கவில்லை. அது பள்ளத்தைத் தாண்டி, எதிர்க்கரையில் வெறுங்கையோடு நின்ற காதர் மைதீன் மேல் போய் நின்றது. தமயந்தியும் அங்கே பார்த்தாள். எதிர்வரிசை முழுக்கப் பார்த்தாள். ஒவ்வொரு கடை வாசலிலும் ஒருத்தர் இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இந்த இடத்தில் அவள் படிவத்தை விரித்து நீட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். ‘பலகை இல்லைன்னு ஒரு வரி எழுதுங்கம்மா’ என்று கெஞ்சியிருந்தாலும் முடிந்திருக்கும். செண்பகவல்லி டெய்லரை இழப்பாளே தவிர எழுத மாட்டாள். தமயந்தி படிவத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“உங்க கடையில ஒரு குறையும் இல்லம்மா” என்றாள். “தெருதான் கொஞ்சம் மேடு பள்ளமாக் கிடக்கு. உங்க பலகை ஒண்ணு எங்க குடோன்ல இருக்கு. எடுத்துட்டு வந்துரலாமா?”

டெய்லர் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்தார். செண்பகவல்லி ஒரு நொடிதான் தடுமாறினாள். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

“அட ஆமா மேடம்! நேத்தே எடுத்திருக்கணும். மறந்தே போச்சு. வாங்க, நானும் ஒரு பக்கம் பிடிக்கிறேன்.”

இரண்டு பெண்களும் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மூத்த பலகையைத் தூக்கி வந்தார்கள். பள்ளத்தின் மேல் சாய்த்தபோது எதிர்க்கரையிலிருந்து காதர் மைதீன் முனையைப் பிடித்து இழுத்தார். பலகை பதினோரு நாளுக்குப் பிறகு படுத்தது. “அப்பாடா” என்று அது விட்ட மூச்சு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

“யாரைக் கேட்டு என் வாய்க்குக் குறுக்கே படுக்கிற?” என்று பள்ளம் அதட்டியது.

“வேலை முடிஞ்சதும் எழுந்துக்குறேன்” என்றது பலகை. “நீயும் வேலை முடிஞ்சாப் போற ஆள்தானே?”

காதர் மைதீன் பட்டன் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பலகைமேல் நடந்து வந்தார். ஏதோ ரொம்ப தூரத்துக் குடோனிலிருந்து வருகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, “இந்தாங்க, நீங்க எடுத்து வைக்கச் சொன்ன டவுசர் பட்டன்” என்றார்.

“குடோன் கிட்டத்துலதான் இருக்கு போல” என்றார் டெய்லர், எங்கோ பார்த்துக்கொண்டு. சீட்டில் கடைசி வரியையும் அடித்தார். அதோடு அடுத்த வருடத்துக்கும் இங்கேதான் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தாமஸ் ஜிப் கடைக்காரர் மையத்து வாசலில் வந்து நின்று, “மேடம், எங்க பலகையும் உங்க குடோன்ல இருக்குதாமே?” என்றார். வளையல் கடைக்காரர் வந்தார். பாத்திரக் கடைக்காரர் வந்தார். நாலு மணிக்கு லாரி வந்தபோது சுவரோரம் ஒரு பலகைகூட மிச்சமில்லை. லாரி வெறுமனே திரும்பியது. தமயந்தி அறிக்கைத் தாளைக் கிழித்துப் போட்டாள்.

படிவத்தை அவளால் மாற்ற முடியாது. அது மேலே அச்சடித்து வருவது. ஆனால் கயிற்றில் கட்டிய பேனா கையில் இருந்தது. உட்கார்ந்து, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது படிவத்திலும் ஏழாவது கேள்வியை ஒரு கோடு போட்டு அடித்தாள். மேலே எழுதினாள்: ‘தங்கள் பொருள் ஏதும் எங்கள் குடோனில் உள்ளதா?’

“மேற்படி திருத்தம் விதிகளுக்கு உட்பட்டதுதானா?” என்று படிவம் முனகியது. ஆனால் அன்று மாலைக்குள் பன்னிரண்டு கையெழுத்தும் பன்னிரண்டு ஸ்டாம்பும் வாங்கிக்கொண்ட பிறகு அந்தக் கட்டு முனகுவதை நிறுத்திவிட்டது.

பலகையோடு நிற்கவுமில்லை. ஒரு மாதத்துக்குள் டீக்கடைக்காரர் வந்து, “எங்க உணவு லைசென்ஸ் பேப்பர் உங்ககிட்ட கிடக்குன்னாங்க” என்றார். அதுவரை லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கவே அவர் பயந்துகொண்டிருந்தார். இன்னொருத்தர் போர்டு எழுதும் உதவியைத் தன்னுடையதாகவே கேட்டு வாங்கிக்கொண்டு போனார். தமயந்தி எல்லாரிடமும் ஒரே பதில்தான் சொன்னாள். “இருக்கு, இருக்கு. உக்காருங்க.”

உட்கார ஸ்டூல்தான் அங்கே தங்கவில்லை. செண்பகவல்லி அந்தப் பட்டனைக் குட்டைக் காலில் பசை போட்டு ஒட்டிவிட்டாள். அன்றிலிருந்து அது பலகைமேல் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தது. காலையில் செண்பகவல்லி கடை, மதியம் காதர் மைதீன் கடை, சாயங்காலம் எங்கே கூட்டமோ அங்கே. அடிவயிற்று எண் தேய்ந்துகொண்டு வந்தது. ஸ்டூல் அதைக் கவனிக்கவே இல்லை.

ஒருநாள் தலைமை அலுவலகத்திலிருந்து மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு. சாமான் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசை இருந்தது, இரும்பு நாற்காலி இருந்தது. உட்கார இடம் தேடினார்.

“என்னம்மா, வர்றவங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் குடுத்திருந்தோமே? இங்க காணோமே, இல்லையா?”

எதிர்க்கரையில், காதர் மைதீன் கடையில், ஒரு கல்யாண வீட்டுக்காரரைச் சுமந்துகொண்டிருந்த ஸ்டூலுக்கு அது கேட்டது. கதிகலங்கிப் போயிற்று. இத்தனை நாள் நல்ல பெயர் வாங்கியவள், தன்னால் மாட்டிக்கொள்ளப் போகிறாளே என்று பயந்தது.

தமயந்தி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தெருவைப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள்.

“குடோன்ல இருக்கு சார். இந்தா வந்துரும்.”